பழைய பாணியில் மெட்டல் வாசிக்க வரும் பிள்ளைக்கு

கண்ணு, நீயும் உன் கூட்டாளிகள் மூவரும் சேர்ந்து பேண்ட் தொடங்கியிருக்கிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். அதுவும் பழைய பாணி ஹெவி மெட்டலாம்: இரண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், சொற்கள் தெளிவாகக் கேட்கும்படி உச்சத்தில் பாடும் குரல், வீட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுக்க ஒரு மெட்டு. கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது.

சிங்கப்பூரின் இந்தச் செம்பவாங்கில் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வளர்ந்தவன் நான். எத்தனையோ பேண்டுகள் பிறந்ததையும் கலைந்ததையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வாசிக்கத் தெரியாமல் கலைந்தவை குறைவு. சேர்ந்திருக்கத் தெரியாமல் கலைந்தவையே அதிகம். பழைய பாணி வேண்டும் என்றால் அந்தப் பழைய மனிதர்களின் ஒழுக்கமும் வேண்டும். ஆகவே விரலைப் பற்றிக் கொஞ்சமும் குணத்தைப் பற்றி அதிகமும் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

1. இந்த இசை யார் கையில் பிறந்தது என்று முதலில் தெரிந்துகொள். இங்கிலாந்தின் பர்மிங்காம் ஒரு தொழிற்சாலை நகரம். இரும்பு உருக்கும் உலைகளும் தகடு வெட்டும் இயந்திரங்களும் நிறைந்த ஊர். அங்கே உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் நால்வர் ‘பிளாக் சாபத்’ என்ற பெயரில் சேர்ந்து, 1970 பிப்ரவரி 13 அன்று முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதே வட்டாரத்தில் தோன்றியதுதான் ‘ஜூடாஸ் பிரீஸ்ட்’. அதன் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டன் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1980இல் அவர்கள் கொண்டுவந்த ஆல்பத்தின் பெயரும் அதுவே. இனி உன் ஊரைப் பார். 1938இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் திறக்கப்பட்டது இங்கேதான். தமிழரும் மலையாளிகளும் குடும்பம் குடும்பமாக வந்து இந்தத் தளத்தில் உழைத்தார்கள். 1968இல் அது செம்பவாங் கப்பல் பட்டறை ஆனது. “வெள்ளைக்காரன் பாட்டு உனக்கு எதற்கு?” என்று யாராவது கேட்டால் கூச்சப்படாதே. இது பட்டறைக்காரர்களின் பாட்டு. நீ பட்டறை ஊர்ப் பிள்ளை.

2. உன் குறையைக் காரணம் காட்டாதே. பிளாக் சாபத்தின் டோனி அயோமி 17 வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டுப் போக வேண்டிய கடைசி நாளில் இயந்திரம் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களின் நுனியைக் கொண்டுபோய்விட்டது. அவர் இடது கைக்காரர். கம்பியை அழுத்தும் கையே அந்த வலது கைதான். தீயில் கை கருகியும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஒருவர் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். அதன் பிறகு அயோமி ஒரு பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பிகளைப் பூட்டி வாசித்தார். பிறகு கம்பிகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தின் கனத்த ஒலிக்கு அந்தத் தளர்வும் ஒரு காரணம். உன் விரல் குட்டை, உன் கிட்டார் மலிவு, உன் வீடு சின்னது. எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த வரிசையில் நீ சேராதே.

3. வேகத்தைத் தேடாதே, சீரைத் தேடு. வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் பக்கம் கம்பிகளின் மேல் லேசாகப் படியவை. தடித்த ஈ கம்பியை மட்டும் அடி. ஒரு நெடில், இரண்டு குறில்: தா-தக, தா-தக. இதைத்தான் கேலப் என்கிறார்கள். ‘அயர்ன் மெய்டன்’ பாடல்களில் ஸ்டீவ் ஹாரிஸ் பிக் இல்லாமல் வெறும் விரலால் பேஸில் ஓட்டுவதும் இதுவே. மெட்ரோனோமை 80இல் வைத்துத் தொடங்கு. கவனித்துக் கேட்டால் இரண்டாவது குறில் விழுங்கப்படுவது தெரியும். மணிக்கட்டு இறுகினாலோ தோள் மேலே ஏறினாலோ நிறுத்திவிட்டு, கையை உதறி, மறுபடி தொடங்கு. எனக்குச் சொல்லிக்கொடுத்த மலாய் அண்ணன் ஒருவர், புளோக்கின் கீழே வாய்டு டெக்கில் உட்காரவைத்து, ஒரு மாலை முழுவதும் அந்த ஒரே கம்பியை அடிக்கச் சொன்னார். இடது கை மடியிலேயே கிடந்தது. பாட்டு எப்போது என்று கேட்டேன். “இதுதான் பாட்டு” என்றார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் அவரும் தன் மொழியில் சொன்னார்.

4. ஆல்பத்தை முழுதாகக் கேள். செம்பவாங்கில் கிளம்பி ஊரெங்கும் கிளை விட்ட ‘செம்பவாங் மியூசிக் சென்டர்’ 2009இல் மூடப்பட்டது. அதுபோன்ற கடைகளில் ஒரு கேசட் வாங்கக் காசு சேர்க்க வேண்டியிருந்தது. வாங்கியதை நாடா தேயும்வரை கேட்டோம். பிடிக்காத பாட்டும் நாளாக நாளாகப் பிடித்துப்போகும். இன்று உன் கைப்பேசியில் உலகமே இருக்கிறது. அதனாலேயே எதுவும் தங்குவதில்லை. வாரம் ஓர் ஆல்பம் எடுத்துக்கொள். கண்ணை மூடி ஒருமுறை டிரம்ஸை மட்டும் கேள், ஒருமுறை பேஸை மட்டும் கேள். ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தில் எந்திர மனிதர்கள் அணிவகுத்து வரும் ஓசை எப்படி வந்தது தெரியுமா? பதிவு நடந்த வீட்டின் கரண்டி, முள்கரண்டித் தட்டுகளைக் குலுக்கி எடுத்தார்கள். கண்ணாடி நொறுங்கும் ஓசைக்குப் பால் புட்டிகளை உடைத்தார்கள். இருப்பதைக் கொண்டு வேண்டியதைச் செய்யும் புத்தி, இப்படிக் காது கொடுத்துக் கேட்பவனுக்குத்தான் வரும்.

5. உன் காதில் ஏற்கெனவே இருப்பதை மறைக்காதே. பழைய மெட்டல் பாட்டுகள் பலவும் நடக்கும் மைனர் ஸ்கேலின் சுரங்கள் நம் நடபைரவியின் சுரங்களே. ஹார்மோனிக் மைனர் என்பது கீரவாணி. கமகமும் பிடிகளும் வேறு; ஏணிப்படிகள் ஒன்று. கேன்பரா ரோட்டில் கடற்படைத் தளத் தொழிலாளிகள் வழிபட்டுவந்த புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயில் இன்று ஈசூனில் இருக்கிறது. அங்கே பங்குனி உத்திரத்தில் காவடி பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தாளம் புதிதா என்ன? ஆனால் ஒட்டுவேலை செய்யாதே. நடுவில் நாலு நொடி தவில் சேர்த்துவிட்டால் அது தமிழ் மெட்டல் ஆகிவிடாது. நம் ஊரின் ‘ருத்ரா’வைப் பார். 1992இல் இங்கே இந்திய இளைஞர்கள் தொடங்கிய பேண்ட். 1998இல் முதல் ஆல்பம், 2005இல் ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’. அவர்களுடையது உன்னுடையதைவிட முரட்டுப் பாணி. என்றாலும் வேதாந்தத்தை உட்கார்ந்து பயின்று, அதிலிருந்து பாட்டு எழுதினார் அதன் பாடகர் கதிரேசன். ‘வேதிக் மெட்டல்’ என்று உலகம் அவர்களைத் தனியே அடையாளம் கண்டது அதனால்தான். ஆழத்திலிருந்து வந்தால் யாரும் ஒட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

6. பக்கத்தில் நிற்கும் கிட்டாரைக் கேட்டு வாசி. இரட்டைக் கிட்டார்தான் இந்தப் பாணியின் அழகு. ஒருவர் மெட்டை எடுப்பார்; மற்றவர் அதே மெட்டை மூன்றாம் சுரத்திலிருந்து எடுப்பார். இரண்டும் ஒரே மூச்சில் ஏறி இறங்க வேண்டும். கோயிலில் இரட்டை நாகஸ்வரம் வாசிப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசிப்பது போல. கம்பியை வளைக்கும்போது ஒருவர் முன்னே போய்விட்டால் அழகு அபசுரமாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பேண்டில் இரண்டு கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலும் ஒருவர் ஒலியைக் கொஞ்சம் கூட்டுவார், அடுத்தவர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார். கடைசியில் பாடகர் குரல் காணாமல் போனது. பிறகு பாடகரே காணாமல் போனார். கீழ்க் குரலை வாசிப்பவனுக்குக் கைத்தட்டு குறைவு. அந்தக் கீழ்க் குரலை நீ மனமுவந்து கேட்டு வாங்கு. தனி வாசிப்பு வரும்போது பாட்டு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவே வாசி. அடக்கம் தெரிந்தவன் வாசித்தால்தான் பாட்டு நிமிரும்.

7. சொன்ன நேரத்துக்கு முன்னே போய் நில். ஜாம்மிங் ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் காசு கட்டுகிறோம். நீ கால் மணி நேரம் பிந்தினால், மூன்று பேருடைய காசும் நேரமும் சேர்ந்து போகிறது. கம்பி மாற்றுவது, சுருதி சேர்ப்பது, பாட்டின் அமைப்பை மனப்பாடம் செய்வது எல்லாம் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். ஸ்டூடியோ என்பது சேர்ந்து வாசிக்க மட்டும். முடிந்ததும் டிரம்மர் சிம்பல்களைக் கழற்றிப் பையில் போடும்வரை நின்று, ஒரு பையை நீ தூக்கிக்கொள். கிட்டார்காரர்கள் காப்பிக்கடைக்குப் போய்விட, தன்னந்தனியாகச் சாமான் கட்டிய டிரம்மர்கள் எத்தனையோ பேர் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் வேலை அதிகம் என்பார்கள். உண்மைக் காரணம் அந்தப் பைதான்.

8. பக்கத்து வீட்டை மதி. நாம் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி. உன் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை தூங்கும். இரவு வேலை முடித்து வந்த ஒருவர் பகலில் தூங்குவார். வீட்டில் ஆம்ப் வேண்டாம், ஹெட்ஃபோன் போதும். மின்சாரக் கிட்டாரைச் செருகாமலே வாசித்துப் பழகு. உன் பிசிறுகள் எல்லாம் அப்போது வெளிச்சத்துக்கு வரும். மூடி மறைக்க அங்கே டிஸ்டார்ஷன் இருக்காது. இரவு பத்தரைக்கு மேல் கால் தரையில் தாளம் போடுவதைக்கூட நிறுத்து. தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கும்போது பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம், “சத்தம் இருந்தால் கதவைத் தட்டுங்கள்” என்று நீயே சொல்லிவை. அதிகாரிக்குப் புகார் போவதற்கு முன் உன் கதவுக்குச் சொல் வரட்டும். ஊரெல்லாம் கேட்க வாசிக்க ஆசைப்படுகிறவன், முதலில் பக்கத்து வீட்டாரின் நல்லெண்ணத்தைச் சம்பாதிக்க வேண்டும்.

9. சாமானில் மனத்தைச் சிக்கவைக்காதே. அந்தக் காலத்து ஒலிக்கு 1980களின் மார்ஷல் ஜேசிஎம்800 ஆம்ப் வேண்டும், இன்ன கிட்டார் வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அவை நல்ல சாமான்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதை வாங்கக் கடன்படாதே. இருக்கிற கிட்டாரை நன்றாகச் சீர்செய். கம்பி உயரம், கழுத்தின் வளைவு, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சுருதி, இந்த மூன்றும் சரியாக இருந்தால் மலிவான கிட்டாரும் பேசும். டிஸ்டார்ஷனை நீ நினைப்பதைவிடக் குறைத்து வை. பழைய ஆல்பங்களில் அது குறைவுதான், கையின் அழுத்தம்தான் அதிகம். பேண்டின் பொதுக் காசுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடு. ஸ்டூடியோ வாடகை, டி-சட்டை விற்ற பணம், டாக்சிக் காசு, எல்லாவற்றையும் அன்றன்றே எழுது. நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள்தாம் பிற்பாடு கணக்கில் நட்பை இழக்கிறார்கள்.

10. தேசிய சேவைக்குப் போகிறவனின் இடத்தைக் காத்து வை. இந்த ஊரில் ஆண்பிள்ளைகள் கையிலிருந்து கிட்டாரை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஓரமாக வைத்துவிடும் காலம் அது. பலரும் அதோடு பேண்ட் முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதாதே. வார இறுதியில் முகாமிலிருந்து வருகிறவனுக்குத் தூக்கம் முதலில், சாப்பாடு இரண்டாவது, வாசிப்பு மூன்றாவது. அவனை நெருக்காதே. புதிய மெட்டு கிடைத்தால் பதிவு செய்து அனுப்பு. பதில் வராவிட்டாலும் அனுப்பு. இடையில் வேறொருவர் வாசித்தால், வரும்போதே அவரிடம் நிலைமையைத் தெளிவாகச் சொல்லிவிடு. திரும்பி வந்தபோது தன் பேஸ் இருந்த மூலையில் வேறொருவர் நிற்பதைப் பார்த்து, வாசற்படியோடு திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அதன்பின் பேஸைத் தொடவே இல்லை.

11. வீட்டாரோடு சண்டை போட்டு மெட்டல்காரன் ஆகாதே. 1970களில் நீள முடி வைத்த ஆண்களை இந்த ஊர் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. அலுவலகங்களில் அவர்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று சுவரொட்டியே இருந்தது. 1972இல் ‘லெட் செப்பலின்’ குழுவை முடி காரணமாக உள்ளே விடவில்லை. அந்தக் காலத்தின் அச்சம் சில பெரியவர்கள் மனத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது. கறுப்புச் சட்டையையும் மண்டையோட்டையும் கண்டால் பேய்ப் பாட்டு என்பார்கள். அவர்களிடம் டியோவின் கதையைச் சொல். இரண்டு விரலை உயர்த்திக் காட்டும் அந்த முத்திரையை மெட்டல் மேடைகளில் பரப்பியவர் ரோனி ஜேம்ஸ் டியோ. அதை அவர் கற்றது தன் இத்தாலியப் பாட்டியிடம். கண் திருஷ்டி அண்டாமலிருக்கப் பாட்டி காட்டிய கைக்குறி அது. உப்பு மிளகாய் சுற்றிப் போடும் நம் பாட்டிகளுக்கு இதைவிடப் புரியும் விளக்கம் இல்லை. அம்மாவை முதல் கச்சேரிக்கு அழை. காதடைப்பான் வாங்கிக் கொடுத்து, பின்வரிசையில் நாற்காலி போடு. பாட்டின் பொருளை முன்கூட்டியே சொல்லிவை.

12. உனக்கு முன் நடந்தவர்களுக்கு நன்றி சொல், அவர்கள் எந்த இனமானாலும். சிங்கப்பூரில் இந்த இசைக்குத் தோள் கொடுத்தவர்களில் மலாய் அண்ணன்மார் முன்வரிசையில் நிற்கிறார்கள். ரம்லி சாரிப் பாடிய ‘ஸ்வீட் சாரிட்டி’, 1980களின் ‘ரஸ்டி பிளேட்’ இரண்டும் நம் ஊர்க் குழுக்கள். அவர்கள் பாட்டுகளைத் தேடிக் கேள். மலாய்ச் சொற்களின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் ஒரு பழைய துணைமின் நிலையத்தில் 1990இல் திறந்த ‘தி சப்ஸ்டேஷன்’, 2021இல் அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியேறும்வரை எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் மேடையாக இருந்தது. அங்கே சீனப் பிள்ளை டிரம்ஸ் வாசிக்க, மலாய்ப் பிள்ளை பாட, தமிழ்ப் பிள்ளை பேஸ் வாசிப்பதை யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை. மேடையிலிருந்து இறங்கியதும் ஒலி அமைத்தவரின் பெயரைக் கேட்டு நன்றி சொல். உனக்கு அடுத்து வாசிக்கும் பேண்டை நின்று கடைசிவரை கேள். கச்சேரி முடிந்ததும் ஓடிப்போகிறவர்களை இந்தச் சின்ன ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

13. பதிவு செய்யும்போது பொய் சொல்லாதே. கணினியில் இன்று எல்லாவற்றையும் நேராக்கலாம். தவறிய டிரம்ஸ் அடியைக் கோட்டில் ஒட்டவைக்கலாம்; வராத சுருதியை வரவைக்கலாம். அப்படிச் செய்து முடித்தபின் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டார். பழைய ஆல்பங்களில் கோரஸ் வரும்போது வேகம் ஒரு சிட்டிகை கூடும். அது டிரம்மரின் உற்சாகம். நால்வரும் ஒரே அறையில் நின்று சேர்ந்து வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு குரலையும் தனி வாசிப்பையும் மேலே சேர்க்கலாம். பிழை வந்தால் திருத்தும் பொத்தானைத் தேடாமல் இன்னொருமுறை வாசியுங்கள். மேடையில் வாசிக்க முடியாத எதையும் பதிவில் வைக்காதீர்கள். கேட்பவர் காசும் நேரமும் கொடுத்து வருகிறார். அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது நம் கையால் செய்ததை.

14. காதையும் உடம்பையும் காப்பாற்று. ஸ்டூடியோவுக்குள் காதடைப்பான் இல்லாமல் நுழையாதே. வாசித்து முடித்த இரவு காதில் ரீங்காரம் கேட்டால் அதைப் பெருமையாகச் சொல்லித் திரியாதே, அது எச்சரிக்கை. ‘ஏசி/டிசி’யின் பிரையன் ஜான்சன் 2016இல் செவித்திறன் கெடும் ஆபத்தால் இசைப் பயணத்தை நடுவில் நிறுத்த வேண்டிவந்தது. அவருக்கு முன் அந்தக் குழுவில் பாடிய பான் ஸ்காட், ஓர் இரவு அளவுமீறிக் குடித்து, 1980 பிப்ரவரியில் 33 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்தக் குரல் இன்னும் முப்பது ஆண்டு பாடியிருக்கலாம். பாட்டில்தான் வெறி வேண்டும், பழக்கத்தில் வேண்டாம். நன்றாகத் தூங்கு, தண்ணீர் குடி, பாடகர் தொண்டை கட்டியிருந்தால் அன்றைய பயிற்சியைத் தள்ளிப் போடு. நான் மதிக்கும் வாத்தியக்காரர்கள் எல்லாரும் தங்கள் கையையும் காதையும் முதல் வாத்தியமாக நினைத்தவர்கள்.

15. காலத்துக்கு அவசரம் காட்டாதே. பெங்களூரின் ‘கிரிப்டோஸ்’ 1998இல் தொடங்கியது. இந்தியாவில் பழைய பாணி மெட்டலுக்குக் கூட்டம் குறைவாக இருந்த காலம். அவர்களின் முதல் ஆல்பம் வந்தது 2004இல். ஜெர்மனியின் புகழ்பெற்ற வாக்கன் விழா மேடையில் ஏறியது 2013இல். நடுவிலே 15 ஆண்டுகள். விசாகப்பட்டினத்தின் ‘அகெய்ன்ஸ்ட் ஈவில்’ இளைஞர்களும் பழைய பாணியையே பிடித்துக்கொண்டு 2018இல் ‘ஆல் ஹெயில் தி கிங்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். கடல் தாண்டியும் கேட்கிறார்கள். நம் ஊரிலும் 2002 முதல் எஸ்பிளனேடில் ‘பேபீட்ஸ்’ விழா நடக்கிறது, இலவசமாக. மேடைகள் உண்டு, தகுதியோடு காத்திருக்கத் தெரிய வேண்டும். பத்துப் பேர் வந்த இரவிலும் நூறு பேர் வந்ததாக நினைத்து வாசி. அந்தப் பத்துப் பேரில் ஒரு பிள்ளை நாளைக்குக் கிட்டார் வாங்கும். அந்தப் பிள்ளைக்காகவாவது ஒழுங்காக வாசி.

இவ்வளவுதான், கண்ணு. பழைய பாணியைப் பிடித்திருக்கும் நீ பழசைத் தூசி தட்டுகிறாய் என்று சிலர் சொல்வார்கள். கவலைப்படாதே. சுத்தமாக வாசித்தல், சொன்ன சொல் காத்தல், கூட இருப்பவனைத் தூக்கிவிடுதல், இவை எந்தக் காலத்திலும் பழசாவதில்லை. நன்றாக வாசிக்கிற பேண்டாக மட்டும் இருந்துவிடாதே. பிறர் சேர்ந்து வாசிக்க ஆசைப்படும் பேண்டாகவும் இரு. நாளை மாலையே நால்வரும் உட்கார்ந்து முதல் பாட்டை எழுதத் தொடங்குங்கள். கச்சேரிக்குத் தேதி குறித்ததும் எனக்குச் சொல். டிரம்மரின் பையைத் தூக்க நான் வருகிறேன்.